கேட்டுக்கொண்டிருந்த கம்பி

வால்வு ரேடியோ சூடாகும்போது ஒரு மணம் வரும். உள்ளே படிந்த பழைய தூசி கருகுகிற மணம். எங்கள் வீட்டில் அதோடு பாதி காய்ந்த துணியின் சவுக்கார மணமும் சேர்ந்து வரும், ஏனென்றால் எங்கள் ரேடியோவின் ஏரியலும் அம்மா துணி காயப்போடும் கொடியும் ஒன்றுதான். துணிக்கொடியை எங்கள் பக்கம் "அசை" என்போம். அந்த அசையைப் பற்றி ஊரில் ஒருவர் சொன்ன பொய் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்ததை இன்னுமா தூக்கிக்கொண்டு திரிகிறாய் என்று வீட்டில் கேட்கிறார்கள். ஆமாம், தூக்கிக்கொண்டுதான் திரிகிறேன். இனிப்பான பழங்கதை வேண்டுமென்பவர்கள் தாராளமாக அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

கேரளத்தின் தெற்கு ஓரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, பாறசாலையிலிருந்து குளத்தூர் போகும் பக்கத்தில் எங்கள் வீடு. பள்ளிக்கூடத்தில் மலையாளம், வீட்டில் தமிழ், ஜெபத்துக்குத் தமிழ், சண்டைக்கு இரண்டும். அப்பா பாலராமபுரத்தில் ஒரு கைத்தறித் துணிக்கடையில் வேலை பார்த்தார். மாலையில் வீடு திரும்பும்போது அவர் சட்டையில் புதுவேட்டியின் கஞ்சி வாசம் இருக்கும். என்னைவிட ஆறு வயது மூத்த லில்லி அக்கா நெய்யாற்றின்கரையில் கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே கூடப் படித்த ஒருத்தியின் அண்ணன் மூலம், உரிமம் வாங்கினால் சாதாரண ஆட்கள்கூட வீட்டிலிருந்தே உலகத்தோடு ரேடியோவில் பேசலாம் என்று தெரிந்துகொண்டாள். ஹாம் ரேடியோ என்று அதற்குப் பெயர். அக்கா அதைச் சொன்னபோது அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, "வீட்டில போன் உள்ளவனே பேச ஆளில்லாம இருக்கான், உனக்கு யாரு மக்கா காத்திருக்கா?" என்று சிரித்தார். ஆனாலும் யாரோ கழித்துப்போட்ட அந்த வால்வு ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வந்து தந்தவரும் அவர்தான்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இரும்போ செம்போ அலுமினியமோ எதுவும் வைத்த இடத்தில் இருந்ததில்லை. கிழிந்த குடையின் துணியை உரித்துவிட்டு, கம்பிகளை மட்டும் விரித்து ஓட்டுக்கூரைக்குக் கீழே தலைகீழாகத் தொங்கவிட்டோம். ஏதோ ஒரு நாட்டுச் செய்தி வாசிப்பு வந்து எங்களைக் கண்டதும் ஓடிப்போனது போல மறைந்தது. "சக்கை" என்று நாங்கள் சொல்லும் பலாப்பழம் பறிக்கும் தொரட்டியைக் கூரையில் சாய்த்தோம். வாய் அகன்ற பித்தளைச் சருவத்தை ரேடியோவோடு சேர்த்துக் கட்டினோம். அதில் ஒன்றும் கேட்கவில்லை, அம்மாவின் வசவு மட்டும் தெளிவாகக் கேட்டது. எல்லாவற்றிலும் சிறந்தது சித்தப்பாவின் மடக்கு இரும்புக் கட்டில்தான். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அவர் அதில் மல்லாந்து கிடந்தால் தூரத்து நிலையங்கள் நன்றாகக் கேட்கும். புரண்டு படுத்தால் போய்விடும். "சித்தப்பா, அனங்காம கெடயும், இப்பதான் ஒரு ஆளு வந்திருக்காரு" என்று அக்கா கெஞ்சுவாள். "என்ன பிள்ளே இது, எனக்க முதுகு வழியாட்டு எவன் பேசுதான்?" என்று அவர் கண்ணைத் திறக்காமலே கேட்பார். அப்படி ஒரு சிரிப்பு அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் இருந்ததா என்று எனக்குச் சந்தேகம்.

கடைசியில் அசைக்கு வந்து சேர்ந்தோம். கயிற்றை அவிழ்த்துவிட்டு, எரிந்துபோன ஒரு பம்புசெட்டின் மோட்டாரிலிருந்து எடுத்த செம்புக்கம்பியை முறுக்கி, மாமரத்துக்கும் பலாவுக்கும் நடுவே இழுத்துக் கட்டினோம். கம்பி மரத்தை நேராகத் தொடக் கூடாது என்பதால் இரண்டு முனையிலும் ஓட்டை போட்ட சிரட்டை, அதாவது ரப்பர் பால் பிடிக்க வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டை, மெழுகில் முக்கி எடுத்தது. அம்மாவோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். "முதல்ல எனக்க துணி உணங்கட்டும். பெறவு உனக்க உலகம் பேசட்டும்" என்றாள் அம்மா. ஆக, அப்பாவின் வேட்டியும் என் பாவாடையும் இறங்கிய பிறகே அந்தக் கம்பிக்கு வேறு வேலை.

ஹாம்காரர்களின் பேச்சு சாதாரண ரேடியோவில் வாத்து கத்துவது போல்தான் கேட்கும். அக்கா இன்னொரு சின்ன டிரான்ஸிஸ்டரைப் பக்கத்தில் வைத்து அதன் முள்ளை மெல்ல மெல்லத் திருப்புவாள். ஓர் இடத்தில் வாத்து சட்டென்று மனிதராகிவிடும். பெங்களூரில் ஒருவர், கொழும்பில் ஒருவர். கொழும்பில் நல்ல மழை என்பார் அவர், எங்கள் முற்றத்தில் வெயில் அடிக்கும். "யாராவது கேட்கிறீர்களா?" என்று அவர்கள் ஆங்கிலத்தில் மாறி மாறிக் கூப்பிடும்போதெல்லாம் அக்கா ரேடியோவின் முகத்துக்கு நேராகக் குனிந்து, "கேக்குதேன், கேக்குதேன்" என்பாள். அந்தப் பக்கம் போகாது. எங்களிடம் இருந்தது கேட்கும் கருவி மட்டும், பேசும் கருவி கிடையாது, உரிமம் இல்லாமல் அதை வைத்துக்கொள்ளவும் கூடாது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் சொல்லுவாள்.

அந்த ஒரு வார்த்தை அந்தப் பக்கம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அதற்காக டம்ளரில் கரண்டியால் தட்டித் தட்டி மோர்ஸ் படித்தாள், திருவனந்தபுரம் போய்ப் பரீட்சை எழுதினாள், தேறியும்விட்டாள். இனி போலீஸ் விசாரணை ஒன்றுதான் பாக்கி, ஊரில் நல்லபடியாகச் சொன்னால் உரிமம் வந்துவிடும் என்றார்கள். ஊரில் நல்லபடியாகச் சொல்வதற்கு என்ன தடை என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம். எங்கள் அறிவு அவ்வளவுதான்.

பக்கத்து வீடு தங்கப்பன் மாமாவுடையது. எங்கள் பகுதியின் முதல் கலர் டிவி அவர் வீட்டில்தான். உயரமான இரும்புக் குழாயில் இரண்டு ஆன்டெனா வைத்திருந்தார்: திருவனந்தபுரத்துக்கு ஒன்று, தமிழ்ப் பாட்டுக்கு வேறு திசை பார்த்து ஒன்று. தூரத்திலிருந்து வரும் படத்தை இழுத்துப் பெரிதாக்க உச்சியில் "பூஸ்டர்" என்று ஒரு தகரப் பெட்டி. ஞாயிறு சாயங்காலம் மலையாளப் படத்துக்கு ஊரே அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு ஞாயிறு, படத்தில் கல்யாணம் நின்றுபோகும் நேரம் பார்த்து, திரை முழுக்கக் கோடு கோடாக ஓடியது. மாமா டிவியைத் தட்டினார், குழாயைத் திருப்பினார், பிறகு வெளியே வந்து இடுப்பில் கைவைத்து நாலு பக்கமும் பார்த்தார். எங்கள் முற்றத்தில் அசை தெரிந்தது.

"இந்த லில்லிக்குட்டி கம்பி கெட்டினதுக்குப் பெறவாக்கும் இந்த வரையெல்லாம். நம்ம படத்தை அது வலிச்சு எடுக்குது!"

அசை கட்டி அப்போது மாதக்கணக்காகிவிட்டது, கோடு வந்தது அன்றைக்குத்தான். யார் கேட்டார்கள்? மறுநாள் அந்தக் கதையும் மாறியது. ஞாயிற்றுக்கிழமை படத்தை இழுத்து எடுத்த கம்பி, திங்கட்கிழமை எதையோ அனுப்பிப் படத்தைக் கெடுக்கும் கம்பியாகிவிட்டது. ஒரே வாயால் இரண்டையும் சொல்ல அவருக்குக் கூச்சமே இருக்கவில்லை. அக்கா வேலியோரம் போய் நின்று பணிவாகத்தான் சொன்னாள்: "மாமா, இது கேக்க மட்டும் உள்ளதாக்கும். இதுல இருந்து ஒண்ணும் வெளிய போவாது. நீரே வந்து பாரும்."

"நான் என்னத்துக்கு வந்து பாக்கணும்? எனக்குக் கண்ணில்லியா?"

வரவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் ரேடியோ இருந்தது, எட்டிப் பார்த்தால் தெரியும். டிவி பார்க்கக் கூடிய அத்தனை பேரில் ஒருவர்கூட வந்து பார்க்கவில்லை. கேட்கிற காதைப் பிடித்து, கத்துகிற வாய் நீதான் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு கணம் போதுமாக இருந்தது.

அடுத்த ஞாயிறும் கோடு ஓடியது. பாதிப் படத்தில் எழுந்து எல்லாரும் எங்கள் முற்றத்துக்கு வந்துவிட்டார்கள். அப்பா யாரிடமும் எதிர்த்துப் பேசத் தெரியாதவர். உள்ளே போய் வெட்டுக்கத்தியை எடுத்து வந்து, மாமரத்துப் பக்கம் ஒரே வெட்டு. அன்று மழைமூட்டம், துணி இன்னும் காய்ந்திருக்கவில்லை. அம்மாவின் சேலையும் படுக்கைவிரிப்பும் அப்படியே சேற்றில் விழுந்தன. "நாலு ஆளு வந்து நிக்கும்படியா எனக்க வீட்டில ஒண்ணும் வேண்டாம்" என்றார். வந்தவர்கள் திருப்தியாகப் படம் பார்க்கத் திரும்பினார்கள். அம்மா சேலையைப் பொறுக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோனாள். அக்கா கீழே கிடந்த சிரட்டையை எடுத்துப் பாவாடையில் துடைத்து வைத்துக்கொண்டாள். அப்பா அன்று சாப்பிடவில்லை.

அந்த வாரமே விசாரணைக்கு ஒரு போலீஸ்காரர் சாதாரண உடையில் வந்தார். முதலில் பக்கத்து வீட்டில்தான் விசாரிப்பார்களாம். நான் வேலியோரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன், ஒவ்வொரு சொல்லும் காதில் விழுந்தது. "இது பார்டராக்கும் சாரே," என்றார் தங்கப்பன் மாமா, நாற்காலியை அவருக்கு இழுத்துப்போட்டபடி. "அந்தக் குட்டி அங்கோட்டும் இங்கோட்டும் என்னெல்லாமோ அனுப்புததுண்டு. நாங்க ஊருக்காரரு எல்லாம் சேந்தாக்கும் கம்பிய அறுத்தது." பிறகு போலீஸ்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். மரத்தில் தொங்கிய அறுந்த கம்பியைப் பார்த்து, "மோளே, இதெந்தா?" என்றார். அக்கா நல்ல மலையாளத்தில் எல்லாவற்றையும் விளக்கினாள். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார், சாயா குடித்தார், "நோக்காம்" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்க்கலாம் என்று அர்த்தம். யாரும் பார்க்கவில்லை.

இனிமேல்தான் கேட்க வேண்டும் நீங்கள். கம்பியை அறுத்த பிறகும் டிவியில் கோடு நிற்கவில்லை! அடுத்த ஞாயிறும் ஓடியது, அதற்கடுத்த ஞாயிறும் ஓடியது. "அறுத்ததுல மிச்சம் மரத்தில கெடக்கில்லியா" என்றார் மாமா. அப்பா மரத்தில் ஏறி அதையும் எடுத்துப்போட்டார். அப்போதும் கோடு. பிறகு ஒரு ஞாயிறு, படம் பாதியில் இருக்க, மாமா வீட்டில் மட்டும் ஃபியூஸ் போனது. கூட்டம் மொத்தமும் எதிர்வீட்டு ஸ்டெல்லா டீச்சரின் கறுப்பு வெள்ளை டிவிக்கு ஓடியது, நானும் அக்காவும்கூடப் போனோம். படம் பளிச்சென்று இருந்தது. "இவ்வளவு நேரமும் வரைதான் ஓடிச்சு, இப்பதான் தெளிஞ்சுது" என்றார் டீச்சர். கொஞ்ச நேரத்தில் மாமா வீட்டில் விளக்கு எரிந்தது, டீச்சர் டிவியில் கோடு திரும்ப வந்தது. யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாரும் ஜன்னல் வழியாக மாமா வீட்டுக் குழாயின் உச்சியிலிருந்த தகரப் பெட்டியைப் பார்த்தார்கள். அக்கா மட்டும் வாய்விட்டுச் சொன்னாள்: "அந்த பூஸ்டராக்கும்."

விஷயம் மாமாவுக்குப் போனது. "பெண்பிள்ளைகளுக்கு இத்தற நீள நாக்கு ஆகாது" என்றார். அந்த வாரத்திலேயே ஆள் வைத்து பூஸ்டரை மாற்றினார். கோடு நின்றது. கூடம் மறுபடி நிறைந்தது. அவ்வளவுதான். மன்னிப்பா? அவரை விடுங்கள், எங்கள் முற்றத்தில் வந்து நின்ற அத்தனை பேரில் ஒருவராவது, தெரியாமல் பேசிவிட்டோம் மக்கா என்று சொல்லியிருக்கலாம் அல்லவா? கோயிலில் எங்கள் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து, பாவிகளை மன்னியும் என்று பாடத் தெரிந்தவர்கள்தானே? அந்தப் போலீஸ்காரரைத் தேடிப் போய், அன்று சொன்னது தப்பு என்று சொல்லவும் ஓர் ஆள் இல்லை. அப்பா போனார். அந்தப் போலீஸ்காரர் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார் என்றார்கள்.

உரிமம் வரவேயில்லை. அக்கா திருவனந்தபுரத்து அலுவலகத்துக்குப் போய்ப் போய் வந்தாள். விசாரணை சரியாக இல்லை என்பதற்கு மேல் ஒரு சொல் அவளுக்குக் கிடைக்கவில்லை. அப்பா, "உரிமம் வரட்டு மக்கா, நானே கம்பி கெட்டித் தாறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பிறகு சொல்வதை நிறுத்திவிட்டார். அசைக்கு நீல நிற பிளாஸ்டிக் கயிறு வந்தது. வால்வு ரேடியோவின் மேல் அம்மா பூச்சாடி வைத்தாள். அக்கா கல்யாணமாகி ஒற்றசேகரமங்கலம் போனாள், அங்கே கணக்கு டீச்சராக இருக்கிறாள். அப்பா இப்போது இல்லை.

போன கிறிஸ்துமஸுக்கு அக்கா வீட்டுக்கு வந்திருந்தாள். தங்கப்பன் மாமாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவர் வீட்டு இரும்புக் குழாய் போய்விட்டது, ஊரில் ஒரு கூரையிலும் ஆன்டெனா இல்லை, ஞாயிறு படத்துக்கு யாரும் யார் வீட்டுக்கும் போவதில்லை. மகன் வளைகுடாவில். அவர் வீட்டுக்குள் செல்போன் சரியாக எடுக்காதாம். மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "லில்லி மோளே, நீ பண்டு கம்பியெல்லாம் கெட்டுவியே, இதுக்கு ஏதும் செய்ய ஒக்குமா?" என்று கேட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "அந்தக் கம்பிய அறுக்க வச்சதே நீரு இல்லியா மாமா?" என்றேன்.

"நானா?" என்றார் அவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு. "உங்க அப்பன் இல்லியா அறுத்தான்?"

செத்துப்போன மனுஷன் மேல் போட்டார் பாருங்கள்! நான் மேலும் பேச வாயெடுக்கும் முன்னே அக்கா என் கையைப் பிடித்து, "விடு பிள்ளே" என்று சொல்லிவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டாள். நானும் பின்னாலேயே போனேன். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்து, மாடி ஜன்னலில் சிக்னல் கிடைக்கும் இடத்தைக் கண்டுபிடித்தாள். அங்கே போனை நூலால் கம்பியில் கட்டி, நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, இயர்போனைக் காதில் மாட்டிவிட்டு, மகனுடைய நம்பரை அழுத்தினாள். மணி அடித்தது. மகன் எடுத்தான்.

"கேக்குதேன் மக்கா, கேக்குதேன்!" என்று கிழவர் கத்தினார்.

அக்கா ஜன்னலுக்கு வெளியே எங்கள் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து அவருக்கு உடனே பதில் வந்தது. என் அக்காவுக்கு வர வேண்டிய பதிலை வழியிலேயே நிறுத்தியவருக்கு வந்தது. அந்தக் கம்பி எதையும் இழுக்கவில்லை, எதையும் அனுப்பவில்லை, கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருந்தது. எங்கள் ஊரில் இதை யாரும் சொல்லப் போவதில்லை என்பதால் நான் எழுதிவைக்கிறேன்.