தரையில் இருந்த அடுப்பும் என் மரக்கையும்

வேலூருக்குப் பக்கத்தில் ஒரு தோல் பதனிடும் கூடத்தில், ஆவாரம்பட்டை அரைக்கும் இயந்திரத்துக்குள் பட்டை தள்ளும் வேலை எனக்கு. ஒருநாள் பட்டையோடு என் வலது கையும் உள்ளே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். புண் ஆறியதும் மரக்கை ஒன்று கொடுத்தார்கள். நுனியில் இரும்புக் கொக்கி, தோளைச் சுற்றிக் கட்டத் தோல்வார்.

ஆஸ்பத்திரியில் அது நன்றாகவே வேலை செய்தது. அங்கே எல்லாம் மேசை உயரம். நின்றபடியே தட்டைப் பிடித்தேன், துணி மடித்தேன். என்னைப் பழக்கிய நர்சம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம்.

வீட்டில் அடுப்பு, அம்மி, அரிவாள்மனை எல்லாமே தரையில். குந்தினால் மரக்கை முழங்காலில் இடித்தது. ஒருமுறை அடுப்பில் பட்டுக் கருகியது. சித்திரை வெயிலில் வாருக்கடியில் வியர்வை ஊறித் தோள் புண்ணாகிவிட்டது. சலித்துப்போய் அதைக் கழற்றி ஆணியில் மாட்டினேன். இடது கை, பல், முழங்கால் என்று எதெதையோ வைத்துச் சமைத்தேன். சோறு வடிப்பதற்குள் உடம்பெல்லாம் ஓய்ந்துவிடும்.

"அவ்ளோ தூரம் நடந்து வாங்கினு வந்தியே, மாட்டிக்க மாட்டியா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அடுப்பை ஊதத் திரும்பிக்கொண்டேன்.

அடுத்த முறை மரக்கையைக் கட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நர்சம்மா கேட்டார்: "தினம் போட்டுக்கிறியா?"

"போட்டுக்கிறேம்மா."

அவர் வாரைத் தடவிப் பார்த்தார். "தினம் போட்டா வாரு இப்படி விறைச்சிருக்காதே" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் ஜட்கா குதிரைவண்டியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "நீ உன் வேலையப் பாரும்மா. நான் சும்மா உக்காந்திருக்கேன்." பார்த்துக்கொண்டே இருந்தவர், ஆணியிலிருந்த மரக்கையை எடுத்துத் தன் கையோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு என் அடுப்பெதிரே குந்தினார். அவருக்கும் முழங்காலில் இடித்தது.

"இதச் செஞ்சவரு நாற்காலியில உக்காந்து செஞ்சிருப்பாரு. உன் மேல தப்பில்ல" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விபத்துக்குப் பிறகு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

வாசலில் நின்று வீட்டுக்காரரும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை செங்கல்லும் மண்ணும் கொண்டுவந்து, என் இடுப்பு உயரத்துக்கு மேடை கட்டி, அதன்மேல் அடுப்பைப் போட்டார். மரக்கையைக் கட்டிக்கொண்டேன். கொக்கியால் பானையின் கழுத்தைப் பிடித்து, இடது கையால் கிளறினேன். சோறு பொங்கியது.

பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தார்கள். "இன்னாடி, நின்னுகினு சமைக்கிறியாமே!" என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்துவிட்டேன்.

வெயில் காலத்தில் வியர்த்துத் தோள் புண்ணாகும் என்று மரக்கையைத் தொடுவதே இல்லை. ஐப்பசி பிறந்தால்தான் மறுபடி கட்டுவேன். பழக்கமில்லாமல் நின்று நின்று, இப்போது கால்கள் கடுக்கின்றன. சாப்பிட்டதும் காலை நீட்டிப் படுத்துவிடுவேன்.