பன்னிரண்டு மணிக்குச் சாத்திய வாசலும் ஜெயங்கொண்டத்தில் ஒரு வெள்ளிக்கிழமையும்

என் வீட்டுக்காரர் சவூதியின் தம்மாமில் ஏசி மெக்கானிக். போன மாதம் லீவு முடிந்து கிளம்பிய நாள் வெள்ளிக்கிழமை. திருச்சியில் நள்ளிரவு தாண்டி விமானம். அன்று பகலில்தான் கங்கைகொண்ட சோழபுரம் போயே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

எல்லாம் மஹ்மூதால் வந்தது. இவருடைய ரூமில் தங்கியிருக்கும் எகிப்துக்காரன், வாயைத் திறந்தால் பிரமிடுதான். ‘உங்க ஊர்ல என்ன இருக்கு?’ என்று கேட்டுவிட்டான். இவர் சும்மா இருப்பாரா? ‘ஆயிரம் வருஷத்துக் கோயில் எங்க வூட்டுப் பக்கத்துலயே இருக்கு, உள்ள நின்னு வீடியோவுல காட்டுறேன்’ என்று சவால் விட்டிருக்கிறார். அவனுக்கு வெள்ளிக்கிழமைதான் ஓய்வு. இவரோ கோயிலைக் கண்ணால் பார்த்ததே இல்லை. நானும்தான். லீவு முழுக்கக் கல்யாணம், விருந்து என்றே கரைந்துவிட்டது.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காட்டிலிருந்து காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். வாடகைக் கார், போக வர 3,200 ரூபாய். அரியலூர் வழியாக ஜெயங்கொண்டம் சுமார் எழுபது கிலோமீட்டர். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து போய்ச் சேரும்போது பதினொன்றரை. டிரைவர் செல்வம் எறையூர்க்காரர். நாலு ரோட்டில் வண்டியை ஓரங்கட்டினார். “டீயக் குடிச்சுட்டுப் போவோம் பாய், கோயில் எங்க ஓடிடப் போவுது?”

கோயில் ஓடவில்லை. வாசலைச் சாத்திவிட்டார்கள். நாங்கள் போய் இறங்கியபோது மணி பன்னிரண்டு ஐந்து, இனி நாலு மணிக்குத்தான் என்றார் காவலாளி. ஐந்துக்குள் இங்கிருந்து கிளம்பாவிட்டால் விமானத்துக்குச் சிக்கல். இவர் முகம் செத்துவிட்டது. “வெளிய நின்னே காட்டிருங்களேன்” என்றேன். “காம்பவுண்டுக்கு இந்தாண்ட நின்னா, உன்னை உள்ள விடலையான்னு கேப்பான் புள்ள.”

ஜும்ஆ நேரம் வேறு. பத்து கிலோமீட்டர் திரும்பி ஜெயங்கொண்டத்துக்கே வந்தோம். இவர் பள்ளிவாசலுக்குப் போக, நான் ஒரு முந்திரிக் கடையில் ஒதுங்கினேன். கோயிலுக்குப் போகிற அவசரத்தில் எல்லாரும் தாண்டிவிடுகிற ஊர் இது. எனக்கோ பிடித்துப்போனது. கடைக்காரப் பெண் மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டு, கையில் ஒரு பிடி வறுத்த முந்திரியைத் திணித்தாள். “சும்மா தின்னுங்கக்கா, வாங்கலன்னாலும் பரவால்ல.” அப்புறம் வாங்காமல் எழுந்து வர முடியுமா? அரைக் கிலோ மஹ்மூதுக்கு, கால் கிலோ எனக்கு. கோயில் எப்படி இருக்கும் என்று கேட்டேன். “சின்னப் புள்ளையில ஸ்கூல்ல கூட்டிட்டுப் போனாங்கக்கா. அப்பறம் எங்க போனேன்?” என்று சிரித்தாள். தொழுகை முடிந்து பிரியாணி. நல்ல காரம், நல்ல கறி.

மூன்று மணிக்கு மாளிகைமேடு போனோம். கோயிலிலிருந்து இரண்டு கிலோமீட்டர். கடல் தாண்டிப் படை அனுப்பிய சோழனின் அரண்மனை, இன்று கொட்டகைக்குக் கீழே வெறும் செங்கல் அடித்தளம். பக்கத்தில் ஆடுகள் மேய்கின்றன. அவ்வளவு பெரிய ராஜ்ஜியத்தில் மிச்சம் இவ்வளவுதானா?

நாலுக்கு வாசல் திறந்தது. யா அல்லாஹ்! படத்தில் பார்ப்பதெல்லாம் பார்ப்பதே இல்லை. கருவறைக்கு மேல் நூற்றெண்பது அடி விமானம். நேராக எழும்பி, மேலே போகப் போக மெல்ல உள்ளே வளைந்து, சாய்ந்த வெயிலில் தேன் நிறத்தில் நிற்கிறது. நாங்கள் சந்நிதிக்குள் போகவில்லை, புல்தரையில் சுற்றி வந்தோம். ஒரு மூலையில் ஆளை விழுங்குகிற மாதிரி வாயைப் பிளந்த சிங்கம், அதன் வயிற்றுக்குள் கிணற்றுக்கு இறங்கும் படிகள்.

நாலே காலுக்கு மஹ்மூத் வீடியோவில் வந்தான். இவர் போனைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தூக்கிக் காட்டினார். “மாஷா அல்லாஹ்” என்றான் மஹ்மூத். எனக்கு அரபி ஓதத் தெரியும், பேசத் தெரியாது. அடுத்து அவன் ஏதோ கேட்க, இவர் முகம் மாறியது.

“என்னங்க கேக்குறாரு?”

“பக்கத்துலயே வச்சிருக்கியே, அடிக்கடி வருவியான்னு கேக்குறான்.”

ஒரு பொய் சொன்னால் முடிந்தது. இவர் கோயில் விமானத்தை அண்ணாந்து பார்த்தார். அரபியில் ஒரே வாக்கியம் சொன்னார். இதுதான் முதல் தடவை என்று சொன்னாராம். மஹ்மூத் பதிலுக்கு ஏதோ சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான், இவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனை வைத்த பிறகுதான் சொன்னார்.

போக நினைப்பவர்களுக்கு: பதினொன்றுக்குள் போய்விடுங்கள், அல்லது நாலுக்கு மேல். நேரத்தை முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள். தரை கொதிக்கும், சாக்ஸ் நல்லது. இடையில் மாட்டிக்கொண்டால் புலம்பாமல் ஜெயங்கொண்டத்தைச் சுற்றுங்கள். நாங்கள் ஐந்து பத்துக்குக் கிளம்பியும், இவர் விமானத்தைப் பிடித்துவிட்டார்.

மஹ்மூத் சொன்னது இதுதான். அவனும் பிரமிடைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி, கிட்டப் போனதே இல்லையாம். அது எங்கே ஓடிவிடப் போகிறது என்று விட்டுவிட்டானாம்.