களத்தில் ஒரு ஜோடி பூட்ஸ்

எங்கள் ரேஞ்சருக்கு ஆஃப்சைடு என்றால் என்னவென்று கடைசிவரை தெரியாது. அது ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது. ரெஃப்ரி விசில் ஊதி ஆஃப்சைடு சொல்லும்போதெல்லாம் நாற்காலியை விட்டு எழுந்து, யாரைப் பார்த்துச் சொல்கிறான் என்று பக்கத்தில் இருப்பவர்களைக் கேட்பார். இந்த மனிதர்தான் எங்கள் டீமுக்குத் தலைவர், மேனேஜர், கோச், எல்லாம்.

எழுபதுகளின் கடைசி அது. ஜவ்வாது மலையில் அப்போது பந்து என்றால் பிள்ளைகள் துணி சுற்றி உதைப்பதுதான். வேலூருக்கு மாற்றலாகி வந்த வனத்துறைப் பெரிய அதிகாரி காலேஜில் கால்பந்து ஆடியவர் என்று யாரோ ரேஞ்சர் காதில் போட்டுவிட்டார்கள். அவ்வளவுதான், அடுத்த வாரம் மலைக்கு ஒரு கால்பந்து டீம் முளைத்துவிட்டது. ரேஞ்சருக்கு எப்படியாவது கீழே மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். அவர் மனைவி மலைக்குக் குடிவர மாட்டேன் என்று ஒரே பிடியாக இருந்தார். இது மலையில் மாடு மேய்ப்பவனுக்குக்கூடத் தெரியும். ஆனால் மேடை ஏறினால் மட்டும் மலைவாழ் மக்களின் முன்னேற்றம் என்று உருகி வழிவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் மலைக்காரன் இல்லை. படவேட்டுப் பக்கம் கரும்பு போடும் குடும்பம். பி.யூ.சி. ஃபெயில் ஆகி, வீட்டில் தண்டச்சோறு என்று பெயர் வாங்கிக்கொண்டிருந்தேன். காலேஜ் டீமில் கொஞ்ச நாள் ஆடியவன் என்று தெரிந்து என்னையும் இழுத்துப் போட்டார்கள். ரைட் பேக். மற்ற எல்லோரும் மலையில் சாமை விதைத்து, புளி உலுக்குகிறவர்கள். எங்களை மாவட்ட லீக்கின் இரண்டாம் டிவிஷனில் சேர்த்தார் ரேஞ்சர். முதல் டிவிஷனில் தேறாதவர்களும், தேறவே வாய்ப்பில்லாதவர்களும் வந்து விழுகிற இடம் அது. அதில் முதலில் வருகிற டீம் மேலே போகும்.

பூட்ஸ் வந்தது. எல்லாம் ஒரே நம்பர். கால் என்பது ஆளுக்கு ஆள் மாறும் என்பது வாங்கியவருக்குத் தோன்றவே இல்லை. சின்னக் கால்காரர்கள் உள்ளே துணி அடைத்துக்கொண்டார்கள். பெரிய கால்காரன் ஒருவன் இருந்தான். அவன் காலை உள்ளே நுழைக்க இரண்டு பேர் பிடித்துத் தள்ள வேண்டும். ஓட முடியாதவன் என்பதால் அவனை கோல்கீப்பர் ஆக்கினார் ரேஞ்சர். கோச்சின் ஆட்ட ஞானம் அந்த அளவுக்கு இருந்தது.

ஆனால் அவன் பிரமாதமான கீப்பர். அது ரேஞ்சருக்குத் தெரிந்து நடந்ததல்ல. புளியமரத்தில் நுனிக்கிளை வரை ஏறி நின்று உலுக்குகிறவன். பந்து வரும்போது அவசரமே பட மாட்டான். பூட்ஸ் மட்டும் அவனுக்கு எமன். காலே செத்த மாதிரி இருக்குதுப்பா என்பான் என்னிடம். ஆட்டம் முடிந்ததும் கழற்றித் தோளில் மாட்டிக்கொள்வான், குதிகாலில் ரத்தம் உறைந்திருக்கும்.

அப்படியும் ஏன் ஆடினான் என்றால், வேலை. காட்டைக் காவல் காக்கும் தற்காலிக வாட்சராக அவனை வைத்திருந்தார் ரேஞ்சர். டீம் மேல் டிவிஷனுக்குப் போனால் உன்னை நிரந்தரம் ஆக்குகிறேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். சம்பளத்துக்காக மட்டும் அவன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. சில வருஷங்களுக்கு முன்னால், விறகுக் கட்டுக்குள் சந்தனக்கட்டை இருக்கிறது என்று அவன் அப்பாவை வனத்துறைச் செக்போஸ்டில் நிறுத்தி, தலையில் கையை வைத்து வெயிலில் உட்கார வைத்திருந்தார்கள். கட்டைப் பிரித்தால் வெறும் விறகு. போடா என்று அனுப்பிவிட்டார்கள். அந்த மனிதர் அதற்கப்புறம் அந்தப் பக்கமே போகாமல் செத்தார். மகன் ஒருநாள் ஆட்டத்துக்குப் போகும் லாரியில் என் பக்கத்தில் உட்கார்ந்து, அதே செக்போஸ்டின் குறுக்குக் கட்டையைக் காட்டிச் சொன்னான்:

"அந்தக் கட்டைக்கு உள்பக்கம் நான் நிக்கணும்பா. காக்கி சட்டை போட்டுக்கினு. எவனையும் குந்த வைக்காம அனுப்பணும்."

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் மரம் ஏற்றுகிற லாரியில் எங்களை ஏற்றி, அமிர்தி, கணியம்பாடி வழியாக வேலூருக்குக் கொண்டுபோவார்கள். ரேஞ்சர் முன்னால் ஜீப்பில். முதல் ஆட்டத்தில் அரை டஜன் கோல் வாங்கினோம். தேன் எடுக்க வந்தீங்களா என்று டவுன்காரர்கள் கேட்டுச் சிரித்தார்கள். திரும்பும் வழியில் டீக்கடையில் ரேஞ்சர் எங்களுக்கு ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தார், டீ மட்டும் அவருக்கு.

ஆனால் அந்த ஆட்கள் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். மேட்டில் ஏறி இறங்குகிற மூச்சு அது, கடைசிக் கால் மணி நேரத்தில் டவுன்காரன் நாக்குத் தள்ளி நிற்கும்போது எங்கள் ஆள் அப்போதுதான் சூடு பிடித்திருப்பான். பின்னால் அந்தக் கீப்பர். ஆனியில் கடைசியாக இருந்த நாங்கள் புரட்டாசியில் முதலிடத்தில் இருந்தோம். எல்லாம் தன் டிரெயினிங் என்றார் ரேஞ்சர். கேட்ட எனக்குச் சிரிப்பதா காறித் துப்புவதா என்று தெரியவில்லை.

கடைசி ஆட்டம் தோல் தொழிற்சாலை டீம் ஒன்றோடு. எங்களுக்கு டிரா போதும். அந்த ஆட்டத்தை மலையில் நடத்த வேண்டும் என்று ரேஞ்சருக்கு ஆசை வந்துவிட்டது, பெரிய அதிகாரியை வரவழைத்துக் காட்ட. லீக் ஆட்களுக்கு ஒரு டின் மலைத்தேன் போயிற்று, அனுமதி வந்தது. மலையில் சமதரை என்று இருந்தது ஒரே இடம், மூன்று ஊருக்கும் பொதுவான சாமைக் களம். அறுப்புக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்ததால் காலியாகக் கிடந்தது.

களத்துக்குப் பொறுப்பு ஊர்க்கவுண்டர். கீப்பருக்குப் பெண் கொடுத்த மாமனும் அவர்தான். ரேஞ்சர் அவர் வீட்டுக்கே போய்க் கேட்டார், நானும் கூடப் போயிருந்தேன். ஆடிக்கொள்ளுங்கள், ஆனால் செருப்பு, பூட்ஸ் எதுவும் களத்துக்குள் வரக் கூடாது என்றார் கவுண்டர். சோறு விழுகிற இடம்; அறுப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருஷம் பூராவும் அங்கே வெறுங்கால்தான். ரேஞ்சர் இரண்டு கையையும் கூப்பி, உங்க களம் எங்களுக்குக் கோயில் மாதிரி என்று பல்லைக் காட்டினார். வெளியே வந்து ஜீப்பில் ஏறியதும் அந்தச் சிரிப்பைத் துடைத்துப் போட்டுவிட்டார்.

ஆட்டத்தன்று நான் ஆடவில்லை. முந்தைய ஆட்டத்தில் கணுக்கால் பிசகி, மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு ரேஞ்சர் நாற்காலிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அதனால் எல்லாம் என் காதில் விழுந்தது.

எங்கள் ஆட்கள் யாரும் சொல்லாமலே களத்து ஓரத்தில் பூட்ஸைக் கழற்றி வரிசையாக வைத்துவிட்டு நின்றார்கள். ரெஃப்ரி வந்து, பூட்ஸ் இல்லாமல் ஆடக் கூடாது, லீக் விதி என்றார். கவுண்டர் பேசவே இல்லை, ஓரத்தில் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றதே போதுமாக இருந்தது. ஆட்டம் அவ்வளவுதான் என்று நினைத்தேன். தோல் டீமின் கேப்டன், வயதான ஆள், விஷயம் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, குனிந்து தன் பூட்ஸ் கயிற்றை அவிழ்த்தார்.

"அதுக்கின்னா சார், நாங்களும் கழட்டிர்றோம். நாங்க இன்னா பூட்ஸோடவா பொறந்தோம்?"

இரண்டு பக்கமும் வெறுங்கால் என்றால் யாரும் புகார் கொடுக்கப் போவதில்லை, எனக்கும் ஆட்சேபணை இல்லை என்றார் ரெஃப்ரி. இவ்வளவு எளிதாக முடிந்துபோன ஒரு பிரச்சினையை நான் பார்த்ததில்லை. நாள் பூராவும் தோலிலேயே புழங்குகிறவர்களுக்கு அந்தக் களத்தின் மரியாதை ஒரு நிமிஷத்தில் புரிந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் பெரிய அதிகாரியின் ஜீப் வந்தது. ரேஞ்சர் மாலையோடு ஓடினார். பின்னால் வேலூரிலிருந்து வரவழைத்த போட்டோக்காரர். மாலை போட்டு, பல்லிளித்து, அதிகாரியை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பியவர் கண்ணில் பதினோரு ஜோடி வெறுங்கால் பட்டது. மூஞ்சி சுண்டிவிட்டது. மலைவாழ் மக்களின் காலில் முதல் பூட்ஸ் என்று மேலே எழுதி அனுப்பியிருந்தார் மனுஷர், அந்தப் படம்தான் அவருடைய மாற்றலுக்கு டிக்கெட்.

கீப்பரை என் பக்கத்துக்கு அழைத்தார்.

"இன்னாடா இது, பிச்சைக்காரக் கூட்டம் மாதிரி? நீ போட்டுக்கினு உள்ள போ. உன்னப் பாத்து மத்தவனுங்க வருவானுங்க."

"களங்கய்யா."

"களமா, வேலையா? இப்பவே சொல்லிடு."

ஆட்டம் நடக்க அந்தப் பூட்ஸ் வேண்டியதில்லை. ஜெயிப்பதற்கும் அது வேண்டியதில்லை. இதை நான் சத்தமாகவே சொன்னேன். வாயை மூடு என்றார் ரேஞ்சர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

கீப்பர் மாமனைப் பார்த்தான். அவர் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். தரையில் உட்கார்ந்து பூட்ஸை எடுத்தான். அன்று தள்ளிவிட ஆள் இல்லை. அவனே காலைத் திருகித் திருகி நுழைத்தான். எழுந்து களத்துக்குள் நடந்தான். சுற்றி நின்ற மூன்று ஊர் ஜனமும் அவன் காலையே பார்த்தது. மற்ற பத்துப் பேரும் வெறுங்காலோடுதான் உள்ளே போனார்கள்.

ரேஞ்சருக்கு அதற்கும் வழி இருந்தது. கீப்பரை முன்னால் நிறுத்திப் பந்தின் மேல் ஒரு காலை வைக்கச் சொன்னார். மற்றவர்களைப் பின்னால் நிற்க வைத்து, வருக வருக என்று அதிகாரிக்கு எழுதிய துணியைக் கணுக்காலுக்கு முன்னால் பிடிக்கச் சொன்னார். போட்டோ எடுத்தார்கள். அதிகாரி, பாவம், யார் காலையும் பார்க்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று, பாத்ரூம் எங்கே இருக்கிறது என்பது. மலைப்பாதை வளைவில் வயிறு புரட்டிவிட்டதாம். பாதி ஆட்டத்தில் கிளம்பிவிட்டார். தூ, இதற்காகவா.

போட்டோ முடிந்ததும் கீப்பர் குனிந்து பூட்ஸைக் கழற்றப் போனான். அப்போதுதான் கவுண்டர் அன்று முதல்முறையாக வாய் திறந்தார்.

"இனிமே கழட்டி இன்னாடா? ஆடு."

அவன் அதோடே ஆடினான். அப்படி ஒருவன் கோல் காத்து நான் பார்த்ததில்லை. தோல் டீம் மூச்சு முட்ட அடித்தது. குத்தினான், பிடித்தான், காலடியில் விழுந்து வாரினான். கடைசியில் ஒரு பெனால்டி, அதையும் பிடித்தான். ஒரு கைதட்டல் கிடையாது. தன் ஊரில், தன் ஜனத்துக்கு முன்னால், ஒரு ஆள் வாய் திறக்கவில்லை. கோல் இல்லாமல் முடிந்தது. நாங்கள் மேல் டிவிஷனுக்குப் போய்விட்டோம். தோல் டீம் கேப்டன் மட்டும் வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். ரேஞ்சர், அதிகாரி விட்டுப் போன மாலையை எடுத்துத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

ஜனம் கலையும்போது கவுண்டர் மருமகனிடம் வந்தார். திட்டவில்லை, குரலை உயர்த்தவுமில்லை.

"இந்தக் களத்துல இனிமே உன் கதிரு விழாது."

ஐப்பசியில் ரேஞ்சருக்கு மாற்றல் வந்தது, கேட்ட ஊருக்கே. போகிற அன்று கீப்பரின் முதுகில் தட்டி, புதுசா வர்றவர்கிட்ட சொல்லிட்டேன், கவலைப்படாதே என்றாராம். புதிதாக வந்தவர் முதல் வாரத்திலேயே அவனை நிறுத்திவிட்டுத் தன் ஊர்க்காரன் ஒருவனை வாட்சராகப் போட்டார். முதல் டிவிஷனுக்குப் பெயர் பதிய வேண்டும் என்று லீக்கிலிருந்து சொல்லி அனுப்பியிருந்தார்கள். நான் போய்ப் புதியவரிடம் கேட்டேன். இங்க எனக்கு வேற வேலை இல்லையா என்றார். டீம் அதோடு போயிற்று. அதுவரை உடம்பைக் கொடுத்து ஆடிய ஒருவரிடமும் அதைச் சொல்ல வேண்டும் என்றுகூட யாருக்கும் தோன்றவில்லை.

மார்கழியில் நான் மலைக்குப் போனேன். களத்தில் மூன்று ஊர்ச் சாமையும் குவிந்து கிடந்தது, பாட்டும் சத்தமுமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். கீப்பரைக் கேட்டேன். மேலே கையைக் காட்டினார்கள். மேட்டில் ஒரு பாறை. அதன் மேல் அவனும் அவன் மனைவியும், கவுண்டரின் மகள், இரண்டே பேர், தடியால் கதிரை அடித்துக்கொண்டிருந்தார்கள். தெறித்த மணியில் பாதி பாறை இடுக்கில் விழுந்துகொண்டிருந்தது.

என்னைப் பார்த்ததும் தடியை வைத்துவிட்டு வந்தான்.

"வாப்பா. மேல் டிவிஷன் மேட்ச் எப்போ ஆரம்பிக்கிறாங்களாம்? அய்யா எதனா சொல்லி அனுப்பினாரா?"

டீம் இல்லை, மேட்ச் இல்லை, அந்த ஆள் உன்னை அன்றைக்கே மறந்துவிட்டான் என்று எல்லாவற்றையும் சொன்னேன். ஆத்திரத்தில் கத்தித்தான் சொன்னேன். அவன் ஆத்திரப்படவில்லை. கீழே களத்தைப் பார்த்தான். பிறகு, கணக்கு விளங்காத பிள்ளை கேட்பது போல, என்னைத்தான் கேட்டான்.

"அப்போ அந்த பூட்ஸ நான் இன்னாத்துக்குப்பா போட்டேன்?"

அவன் மனைவி அடிப்பதை நிறுத்தவில்லை, எங்கள் பக்கம் திரும்பவும் இல்லை.

"போட்டோவுக்கு" என்றாள்.