மிஞ்சிய மாத்திரைகள்

மாத்திரை பாட்டிலைக் கவிழ்ப்பதற்கு முன் கணக்கு அக்கா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிடுவார். பிறகு சுண்டுவிரலை மட்டும் தூக்கிக்கொண்டு, மழுங்கலான சின்னக் கத்தியால் மாத்திரைகளை இரண்டிரண்டாகத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளுவார். உதடு அசையும், சத்தம் வராது. அந்த நேரத்தில் டாக்டரே வந்து பேசினாலும் பதில் கிடைக்காது.

எச்.ஐ.வி. தொற்று வராமல் தடுக்க ஒரு மாத்திரை உதவுமா என்று சோதித்துப் பார்க்கும் மையத்தில் நர்ஸ் வேலை. வருகிறவர்கள் எல்லோரும் தொற்று இல்லாத பெண்கள். பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு அச்சு அசலாக அதே மாதிரி வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது வாங்குகிறவர்களுக்கும் தெரியாது, கொடுக்கிற இவருக்கும் தெரியாது. தினம் ஒன்று. முப்பது கொடுத்து இருபத்தெட்டு நாள் கழித்து வரச் சொல்வார்கள். இரண்டு மிஞ்ச வேண்டும். மிஞ்சியதை எண்ணுகிறவர் என்பதால் இவருக்குக் 'கணக்கு அக்கா' என்று பெயர்.

ஒரு வருடம் எல்லோரிடமும் இரண்டே இரண்டுதான் மிஞ்சியது. "என் பொண்ணுங்க தங்கம்!" என்று பீற்றிக்கொண்டார். அப்புறம்தான் இரத்தப் பரிசோதனைக் கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அசல் மருந்து வாங்கியவர்களில் பத்துக்கு மூன்று பேர் இரத்தத்தில்தான் மருந்து இருந்ததாம். யார் யார் என்று அதில் இல்லை.

"இப்படியே போனா, இந்த மருந்து எதுக்கும் உதவாதுன்னு எழுதி மூட்டை கட்டிடுவாங்க. போடாத மாத்திரை எப்படிக் காப்பாத்தும்?" என்றார் டாக்டர்.

அக்காவுக்கு முகம் தொங்கிப்போனது. இரண்டு நாள் பழைய கணக்குத் தாள்களையே புரட்டிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், பார்லரில் முடிவெட்டும் பெண் வழக்கம்போல் இரண்டு மாத்திரையோடு வந்தாள். "எல்லாம் போட்டியா?" என்றே கேட்டுப் பழகிய வாய் அன்று வேறு மாதிரி கேட்டது.

"எந்தெந்த நாள் விட்டுப்போச்சு? நானே என் பிரஷர் மாத்திரையை வாரத்துல ரெண்டு நாள் கோட்டை விடுறேன்."

"நீங்களா? ஐயோ, அக்கா!" என்று சிரித்தவள், சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். "பாட்டிலை எடுத்தாலே கிலுகிலுங்குது. மாமியார் பார்த்தா எனக்கே அந்த நோய்னு நினைச்சுடுவாங்க. அதான் போடறதே இல்ல. இங்க வர்ற அன்னிக்குக் காலையில இருபத்தெட்டையும் எண்ணிக் கக்கூஸ்ல கொட்டிட்டு வருவேன்."

"எண்ணியா கொட்டினே?"

"ரெண்டு தடவை சரிபார்ப்பேன். உங்க மனசு கஷ்டப்படக் கூடாதில்ல?"

கோபம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் பொத்துக்கொண்டு வந்தது. "அடிப்பாவி, என்னைவிடச் சுத்தமா எண்ணியிருக்கியே!"

சிரித்து முடித்ததும் புதுப் பாட்டிலுக்குள் பஞ்சைத் திணித்துக் குலுக்கிக் காட்டினார். மூச்சு விடவில்லை பாட்டில். அதைப் பார்லர் அலமாரியில் வைத்து, கடை திறந்த கையோடு ஒன்றைப் போட்டுக்கொள்வது என்று இருவருமாக முடிவு செய்தார்கள்.

அதற்குப் பிறகு வந்தவர்கள் எல்லோரிடமும் அதே கேள்விதான். மிச்சம் ஏழு, பதினொன்று, பத்தொன்பது என்று வர ஆரம்பித்தது. டாக்டர் பதறிப்போனார். "என்னம்மா, கணக்கு மோசமாயிடுச்சே?"

"மோசமாகல டாக்டர். நிஜமாச்சு."

நிஜம் தெரிந்த பிறகு ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு வழி கிடைத்தது. ஆறு மாதம் கழித்து வந்த கடிதத்தில் பத்துக்கு ஏழு. மருந்து தொற்றைத் தடுக்கிறதா இல்லையா என்பது ஆய்வு முடிந்தால்தான் தெரியும். ஆனால் இனி, தெரியவாவது தெரியும். அன்று டாக்டர் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

போன வாரம், புதிதாகச் சேர்ந்த ஒருத்தி உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள். கையிலிருந்த பாட்டிலின் முத்திரைகூட உடையவில்லை.

"முப்பதும் அப்படியே இருக்கு. திட்டுவீங்களா?"

அக்கா தாளில் 'முப்பது' என்று எழுதினார். எழுந்துபோய், மேசைக்கு எதிர்ப்புறம் கிடந்த நாற்காலியைத் தூக்கிவந்து தன் நாற்காலியோடு ஒட்டிப் போட்டார்.