அட்டை இல்லாத பட்டியல்

சாமிதுரை என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். இருபது வருஷமாக அந்த மனக்குறை எனக்கு உண்டு.

நீடாமங்கலம் ரயிலடிக்குப் பக்கத்தில் பழைய பேப்பர் கடை வைத்திருக்கிறேன். சாமிதுரை சிலோன் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். யாரை இந்தியா எடுத்துக்கொள்வது, யாரை இலங்கை வைத்துக்கொள்வது என்று அறுபத்து நாலில் இரண்டு சர்க்காரும் தலை எண்ணி ஒப்பந்தம் போட்டார்களே, அதில் கப்பலேறி வந்தவர். அப்பா இளையபெருமாள் நான்கு பேருக்கும் விண்ணப்பம் போட்டார். பாஸ்போர்ட் மூன்று பேருக்குத்தான் வந்தது. அக்கா செவ்வந்தி அங்கேயே நின்றுபோனாள். 'அப்பா என் பேரை விட்டுவிட்டார்' என்று கடிதத்துக்குக் கடிதம் எழுதினாள்.

சாமிதுரை இங்கே வந்து உழவு, அறுப்பு என்று கூலிக்குப் போனார். உபரி நிலம் கேட்டுக் கொடி பிடித்து ஜெயிலுக்கும் போனார். "சிலோன்காரனுக்கு இங்க ஏதுடா நிலம்" என்று பண்ணையாட்கள் சிரித்தார்கள். வேலை இல்லாத நாளெல்லாம் அக்காவுக்கும் சேர்த்து அப்பா போட்ட விண்ணப்பத்துக்கு ஆதாரம் தேடி அலைவார்.

எழுபத்தொன்பதில் குத்தாலத்தில் நடராசன் என்பவர் செத்துப்போனார். சிலோனில் நம் சர்க்கார் தூதரகத்தில் இந்த விண்ணப்பங்களைப் பதியும் எழுத்தராக இருந்தவர். அவர் வீட்டுக் காகிதம் ஆறு சாக்கு என்னிடம் வந்தது. சாமிதுரை கேள்விப்பட்டு வந்து நான்கு நாள் கடையில் குந்திப் புரட்டினார். ஐந்தாம் நாள் ஒரு தாளோடு எழுந்தார். இளையபெருமாள் குடும்பம், நான்கு பேர். நான்காவது பெயர் செவ்வந்தி.

சென்னைக்குப் போய் ஓர் அலுவலகத்தில் காட்டிவிட்டு மூன்றாம் நாள் திரும்பினார்.

"எந்தக் கோப்பு, என்ன நம்பர்னு கேக்குறாங்க. அதெல்லாம் கோப்போட அட்டையில இருக்குமாம். அட்டை எங்கங்க?"

"அட்டைய மொதல்லயே கிழிச்சிடுவோம்யா. அட்டைக்கு வேற லாரி. சிவகாசிக்குப் போயிடிச்சு."

"எல்லாமா?"

"பின்ன, ஃப்ரேம் போட்டு மாட்டி வைப்பாங்களா?"

அவர் தாளை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார். அப்புறம் எங்கே காட்டினாலும் ஒரே பதில்தான்: எடைக்குப் போட்ட காகிதம் சாட்சி ஆகாது. எண்பத்து நாலில் கப்பலும் நின்றது. தொண்ணூறில் அக்கா அங்கேயே செத்தாள்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் சாமிதுரையைக் கடைசியாகப் பார்த்தபோது அந்தத் தாளை என் கையில் கொடுத்தார்.

"இதுக்குப் பின்னாடி எழுதுங்க. யார் வீட்டுக் காகிதம், எப்ப எடுத்தீங்கன்னு. அட்டையக் கிழிச்சது நீங்கதான்னும் எழுதுங்க. எழுதி அக்கா மகளுக்கு அனுப்பிடுங்க."

"அக்காவே போயாச்சு. இனிமே என்னத்துக்குய்யா?"

"எங்கப்பா அக்கா பேர விடலைங்க. அத அந்தப் பொண்ணாச்சும் தெரிஞ்சுக்கட்டும். கையெழுத்துப் போட மறந்துடாதீங்க."