குமிழைத் திருப்பியது யார்?

அந்த மாதம் நான் வீட்டில் ஒருவரையும் நம்பவில்லை.

வலியசாலையில் எங்கள் வீட்டின் பின்னறைதான் என் இசைக்கூடம். ஒரு மேசை, மடிக்கணினி, இரண்டு ஸ்பீக்கர், யாரிடமிருந்தோ பழையதாக வாங்கிய ஒரு சிந்தசைசர். கணினிக்குள் இருக்கிற சிந்தசைசர்கள் சமர்த்துகள். இன்று செய்த ஒலியைச் சேமித்து வைத்தால், அடுத்த வருஷம் திறந்தாலும் அதே ஒலி வரும். மேசைமேல் இருப்பதோ ஞாபகமே இல்லாத ஜென்மம். முகமெல்லாம் குமிழ்கள், அவை நிற்கிற நிலைதான் ஒலி. ஒன்றை நூலளவு திருப்பினாலும் போச்சு.

அதில்தான் எனக்கு அந்த ஒலி கிடைத்தது. மெல்ல ஏறும், ஒரு கணம் நிற்கும், பிறகு இறங்கும். எப்படி வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ஒரு சாயங்காலம் கை தானாகப் போய் அங்கே நின்றது. கொஞ்சம் பதிவு செய்து, குறும்படம் எடுக்கிற ஒரு மலையாளிப் பையனுக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "சேச்சீ, இது மதி, இதே போதும்! படம் முழுக்க இதே சவுண்ட் வேணும். இது இல்லாம என் படம் இல்ல."

என் பெயர் திரையில் வரப்போகிற முதல் படம். ஆபீஸில் நாளெல்லாம் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்து சுவிட்சைப் போட்டேன். வேறு என்னவோ கேட்டது. குமிழ்களைப் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோவைப் பார்த்துச் சரிசெய்தேன். அடுத்த நாளும் மாறியிருந்தது. அதுவும் எப்போதும் அதே குமிழ்தான், ஏறி இறங்குகிற வேகத்தைத் தீர்மானிக்கிற குமிழ். சூட்டில் பழைய மெஷினின் சுருதி நழுவும், அது எனக்குத் தெரியாதா? ஆனால் சூடு வந்து குமிழைத் திருப்புமா?

முதல் சந்தேகம் மாமியார்மேல். துடைக்காமல் ஒரு பொருளை விடமாட்டார். தீக்குச்சி நுனியில் குங்குமத்தைக் குழைத்து, ஒவ்வொரு குமிழுக்கும் அது நிற்க வேண்டிய இடத்தில் பொட்டு வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் மெஷின்மேல் ஒரு நந்தியாவட்டை!

"குங்குமம் வெச்சுட்டியே, இனிமே நான் அதைத் துடைக்கக்கூட மாட்டேன், கேட்டியா" என்றார்.

பூ இருந்தது, பொட்டும் இருந்தது, குமிழ் மட்டும் விலகியிருந்தது. பூ வைக்கிற சாக்கில் கை பட்டதா, வேண்டுமென்றே பட்டதா? நான் வாசிக்க உட்கார்ந்தாலே அடுக்களையில் இவர் குழாயைத் திறந்துவிடுவது வேறு ஞாபகம் வந்து எரிச்சல் மூட்டியது.

வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற கணவரிடம் கேட்டேன். "நீங்க தொட்டேளா?"

"நான் எதுக்குத் தொடப்போறேன்? அது உன்னோட ஏரியாவாக்கும்."

நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு மூக்கில் வேர்த்தது.

அரை நாள் லீவு போட்டேன். கிழக்கேகோட்டையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வெயிலில் நடந்து, சத்தம் போடாமல் புழக்கடை வழியாக வந்து ஜன்னலோரம் நின்றேன். அவர்தான்! ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஒரு கட்டையை அழுத்தினார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அந்தக் குமிழைத் திருப்பினார்.

"திருட்டு முழி முழிக்காதேங்கோ! பிடிக்கலைன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லலாமோல்லியோ? என் முதல் படம் இது!" பையைக்கூட இறக்காமல் கத்தினேன்.

அவர் ஹெட்போனைக் கழற்றினார். "அதான் சொல்ல முடியலை. உன் முதல் படம்."

"அதுக்குன்னு?"

"அப்பாவுக்குக் கடைசியிலே ஐசியூவிலே வெச்சிருந்தாளே, மூச்சு விடற மெஷின். இதே வேகம், இதே சத்தம். நீயும்தானே பக்கத்திலே உட்கார்ந்திருந்தே, நோக்குத் தெரியலையா? அம்மா கண்டுபிடிச்சுட்டா. காதிலே விழாம இருக்கத்தான் குழாயைத் திறந்துக்கறா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிண்டா."

அவரை விலக்கிவிட்டுக் குமிழைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, ஹெட்போனில் கேட்டேன். ஏறியது, நின்றது, இறங்கியது. மாமனாரின் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்த மூச்சு வருமா என்று நான் காத்திருந்த அதே இடைவெளி. நானாகக் கண்டுபிடித்தேன் என்றல்லவா இத்தனை நாள் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டிருந்தேன். அழுகையாக வந்தது.

அடுக்களையில் மாமியார் குழாயைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் வந்துவிட்டது தெரிந்திருக்கும்.

போனை எடுத்தேன். "தம்பி, அந்த சவுண்ட் இனிமே வராது. குமிழ் திரும்பிப்போச்சு."

"அய்யோ சேச்சீ! ஆரு திருப்பினது?"

"நான்தான்" என்றேன்.