ராசாவுக்கு எந்த பாஷை?

லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸில் சிவஞானத்தைப் போல ஒரு சந்தேகப் பிராணியைப் பார்க்க முடியாது. தபால்காரன் சிரித்தால் சந்தேகம். சிரிக்காவிட்டால் அதைவிடச் சந்தேகம். மத்திய சர்க்கார் ஆபீஸ் ஒன்றில், விஜிலென்ஸ் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டியவர். வேலை மனுஷனைக் கெடுத்ததா, மனுஷன்தான் தேடிப்போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தாரா, யார் கண்டது?

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு 1978 டிசம்பரில் ஒரு ராஜபாளையம் நாய்க்குட்டி வந்து சேர்ந்தது. மனைவி பூங்கோதையின் அண்ணன் சுப்பையா ஊரிலிருந்து ரயிலில் கொடுத்தனுப்பியது. பால் வெள்ளை, ரோஜா நிற மூக்கு. டில்லியில் அந்த ஜாதி நாயை யார் பார்த்தார்கள்? எதிர்வீட்டு சர்தார்ஜியே வாயைப் பிளந்தார். சிவஞானத்துக்குத் தலைகால் புரியவில்லை. ராசா என்று பெயர் வைத்தார்.

பெருமை ஒரு வாரம் தாங்கவில்லை. "உக்காருல" என்றால் ராசா ஈயைப் பார்க்கும். "வா" என்றால் முதுகைக் காட்டிப் படுத்துக்கொள்ளும். தமிழ் எடுபடவில்லை என்று ஆபீஸ் தோரணையில் "சிட்" என்றார். ம்ஹூம். சர்தார்ஜி ரகசியமாக ரொட்டி போட்டு இந்தி பழக்கிவிட்டாரோ என்று சந்தேகம் வந்தது. "பைட்டோ! பைட்டோ!" என்று தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தார். குட்டி குப்புறப் படுத்துத் தூங்கியது.

கடைசியில் மச்சான் மேலேயே திரும்பினார். "ஒங்க அண்ணன் ஏதோ கலப்பு நாயைத் தலையில கட்டிட்டான்" என்றார். நான்கு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு முடிவும் கட்டிவிட்டார். மாடி வீட்டு வேலு சனிக்கிழமை லீவில் ஊருக்குப் போகிறான். அவனோடு ராசாவைத் திருப்பி அனுப்புவது. பூங்கோதை எவ்வளவோ கெஞ்சினாள். மனுஷன் அசையவில்லை.

முந்தின நாள் புனித வெள்ளி, ஆபீஸ் லீவு. பூங்கோதைக்கு வெள்ளிதோறும் மௌன விரதம். காலையில் குளித்ததிலிருந்து சாயங்காலம் விளக்கேற்றும் வரை வாய் திறக்க மாட்டாள். எழுதிக் காட்டவும் மாட்டாள், அதுவும் பேச்சுதான் என்பாள். வெள்ளிக்கிழமைகளில் ஆபீஸில் இருப்பவருக்கு வீட்டில் நடப்பது என்ன தெரியும்? அன்று மார்க்கெட்டுக்குப் போனவர் பையை மறந்து பாதியில் திரும்பினார். சமையலறை ஜன்னல் பக்கமாக வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பூங்கோதை உள்ளங்கையைத் தாழ்த்தினாள். ராசா உட்கார்ந்தது. விரலை மடக்கினாள், ஓடி வந்தது. கையை விரித்துக் காட்டினாள், சோற்றுத் தட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றது.

சிவஞானத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஓஹோ! எனக்குத் தெரியாம பழக்கி வச்சிருக்கியோ? நான் கத்துததை வேடிக்கை பாத்துச் சிரிச்சியாக்கும்?"

அவள் தன் காதைத் தொட்டுக் காட்டி, இல்லை என்று தலையசைத்தாள். 'நீ சொல்வதைக் கேட்க மாட்டேன்' என்கிறாள் என்று எடுத்துக்கொண்டார் அவர். அண்ணனும் தங்கையும் சேர்ந்து என்னென்ன திட்டம் போட்டிருப்பார்கள் என்று மத்தியானம் முழுக்கக் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். சோறு இறங்கவில்லை.

ஆறரைக்கு விளக்கேற்றிவிட்டு வந்து பூங்கோதை வாய் திறந்தாள்.

"அதுக்குப் பிறவியிலேயே காது கேக்காதுங்க. கலப்பு ஒண்ணும் இல்ல, வெள்ளைக் குட்டியில சிலது அப்படித்தான் பிறக்குமாம். பண்ணைக்காரன் கொன்னு போட இருந்தான். அண்ணன் எழுதிக் கேட்டுச்சு, நாந்தான் அனுப்பச் சொன்னேன். விரதத்துல கையால பேசுவேம்லா, அது புரிஞ்சுக்கிட்டுது. திரும்பிப் போனா பண்ணைக்காரன் விட்டு வைக்க மாட்டான்."

சிவஞானத்துக்கு ஒரு சின்ன உயிரைப் பார்த்து நான்கு மாதமாகக் கத்தியிருக்கிறோமே என்று உடம்பு கூசியது.

"இதை எங்கிட்ட சொல்ல என்னட்டி பயம்?"

"சொன்னா நம்புவீங்களா?"

அந்த நேரம் பார்த்து வேலு கதவைத் தட்டினான். ராசா திரும்பவே இல்லை.

"நாய் ரெடியா சார்? காலையில ஜல்தி கிளம்பணும்" என்று சட்டைப்பையிலிருந்து டிக்கெட்டை எடுத்து நீட்டினான் வேலு. "அக்கா சொன்னபடி அவங்களுக்கும் எடுத்துட்டேன். ரயில்ல என் பெட்டியிலதான் சீட்டு, நான் பாத்துக்கிடுதேன்."

சிவஞானம் டிக்கெட்டைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனியவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்பட்ட மனுஷனுக்கு, பெண்டாட்டி தன்னை விட்டுப் போகக்கூடும் என்ற சந்தேகம் மட்டும் ஒருநாளும் வந்ததில்லை.

"யாரும் வரலை வேலு. நீ மட்டும் போயிட்டு வா" என்றார். வேலு விழித்துக்கொண்டே மாடிப்படி ஏறினான்.

சிவஞானம் ராசாவின் எதிரே போய் உள்ளங்கையைத் தாழ்த்தினார். ராசா உட்காரவில்லை. அவர் கையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது, இரண்டடி பின்வாங்கியது, 'இந்த ஆளை நம்பலாமா' என்பது போலப் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தது.

பூங்கோதை உடனே தலையசைத்துவிடவில்லை. அவர் கையை இறக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.